செல்லின் சரித்திரம் – 17: முடிச்சை அவிழ்த்த நொதி

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் ஆய்வுக்கூடம். முயல் தசையை அரைத்து, நீரில் ஊறவைத்து, வடித்தெடுத்த சாற்றிலிருந்து பாஸ்பாரிலேஸ் என்ற நொதியைப் படிகமாகவே பிரித்துவிட்டார்கள் ஆர்டா கிரீனும் கெர்ட்டி கோரியும். தசை தன் அவசரத் தேவைக்காகச் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சங்கிலியைத் துண்டு துண்டாக எடுத்துத் தருகிற நொதி அது. 1943-இல் அந்த ஆய்வுகள் விரிவாக அச்சேறின. சென்ற பகுதியை அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

படிகம் கிடைத்த மகிழ்ச்சியோடு ஒரு புதிரும் சேர்ந்தே வந்தது. படிகமாகக் கிடைத்த பாஸ்பாரிலேஸ் தானாகவே வேலை செய்தது. அதற்கு ‘ஏ’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதே நொதியைத் தசைச் சாற்றோடு சிறிது நேரம் வைத்திருந்தால் அது ‘பி’யாக மாறிவிடும். ‘பி’ தானாக வேலை செய்யாது. அடினிலிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறைக் கூடவே கொடுத்தால்தான் அசையும். அப்படியானால் சாற்றுக்குள் வேறொரு நொதி இருக்கிறது. அது ‘ஏ’யிடமிருந்து எதையோ கழற்றிக்கொண்டு போகிறது. இவ்வளவும் கோரி தம்பதியருக்குத் தெளிவாகவே புரிந்துவிட்டது.

எதைக் கழற்றுகிறது? ‘பி’க்கு அடினிலிக் அமிலம் தேவைப்படுகிறது, ‘ஏ’க்குத் தேவைப்படவில்லை. ஆகவே ‘ஏ’யின் உடம்பிலேயே அடினிலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், சாற்றிலுள்ள நொதி அந்த ஒட்டைப் பிய்த்தெடுக்கிறது என்று எண்ணினார்கள். அன்றைக்கு இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணத்தில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ‘ஒட்டுத் தொகுதியை நீக்குவது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்த நொதிக்கு ‘பி.ஆர்.’ என்று பெயரிட்டார்கள். பிறகு கழன்று விழுந்த அடினிலிக் அமிலத்தைத் தேடினார்கள். அது கிடைக்கவே இல்லை.

கழன்று விழுந்தது பாஸ்பேட். ஒரு பாஸ்பரஸ் அணுவும் அதைச் சுற்றி ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த சின்னஞ்சிறு தொகுதி. அது தெரிய இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. இங்கே வாசகர்கள் ஒன்றை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர்; கழற்றுகிற நொதிகளுக்குப் பாஸ்படேஸ் என்று பெயர். செல்லுக்குள் செய்தி போவதும் வருவதும் பெரும்பாலும் இந்த இரண்டு கைகளால்தான். உயிர்வேதியியல் படிக்கும் மாணவரைக் கேட்டால் கைனேஸைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார். பாஸ்படேஸ் என்றதும் ‘அது பாஸ்பேட்டை எடுத்துவிடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால் ஆய்வாளர் கண்ணில் முதலில் பட்டது கழற்றும் கைதான். ஒட்டும் கை பின்னால் வந்தது. பெயரும் புகழும் மட்டும் வரிசை மாறிப் போய்ச் சேர்ந்தன. அந்த வரிசையை நேராக்கிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தப் பகுதியைப் பாஸ்படேஸுக்கு ஒதுக்கினேன்.

கோரி தம்பதியர் 1947-இல் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசேயுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் கெர்ட்டி கோரி. கணவருக்குச் சமமாக, சில வேளைகளில் அவரைவிடக் கூடுதலாக உழைத்தவர். அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்ததே அந்த 1947-இல்தான். கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் பதவி வகிக்கக் கூடாது என்ற அன்றைய வழக்கம் அவரை நெடுங்காலம் உதவியாளர் நிலையிலேயே வைத்திருந்தது. அதே ஆண்டில் எலும்பு மஜ்ஜை நோயும் அவரைப் பற்றிக்கொண்டது. அந்த நோயோடு பத்து ஆண்டுகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து வேலை செய்தார்.

1953-இல் பட்ரீசியா கெல்லரும் கெர்ட்டி கோரியும் இன்னொன்றைக் கண்டார்கள். ‘ஏ’, ‘பி’யாக மாறும்போது மூலக்கூறின் எடை பாதியாகிறது. அதாவது ‘ஏ’ இரண்டாகப் பிளக்கிறது. அடினிலிக் அமிலம்தான் கிடைக்கவில்லையே, அப்படியானால் இந்த நொதியின் வேலை பிளப்பதுதான் என்று முடிவு செய்து, ‘பாஸ்பாரிலேஸைப் பிளப்பது’ என்று புதிய விரிவு கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் முதலெழுத்து ‘பி.ஆர்.’தான். பெயர் அப்படியே இருந்தது; பொருள் மட்டும் மாறியது. கையில் வைத்திருந்த நொதி என்ன செய்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை.

அதே 1953-இல் அமெரிக்காவின் மேற்குக் கோடியில், சியாட்டில் நகரில், இரண்டு பேர் சந்தித்தார்கள். ஒருவர் எட்வின் கிரெப்ஸ். கோரி தம்பதியரிடம் பயின்றவர். முயல் தசைப் பாஸ்பாரிலேஸ் அவருக்குப் பழக்கம். மற்றவர் எட்மண்ட் ஃபிஷர். ஷாங்காயில் பிறந்து, ஜெனீவாவில் படித்தவர். அவர் அங்கே ஆராய்ந்தது உருளைக்கிழங்கின் பாஸ்பாரிலேஸை. உருளைக்கிழங்கு நொதிக்கு அடினிலிக் அமிலம் தேவையே இல்லை. தசை நொதிக்கு மட்டும் ஏன் தேவை? இந்தச் சிறிய கேள்வியோடு இருவரும் உட்கார்ந்தார்கள்.

கோரி ஆய்வுக்கூடத்தின் செய்முறையை அப்படியே பின்பற்றாமல், ஓரிடத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்தார்கள். பழைய முறையில் தசைச் சாற்றை வடிதாளில் ஊற்றி வடிப்பார்கள். அது நேரம் பிடிக்கும் வேலை. இவர்களிடம் மையவிலக்குக் கருவி இருந்தது. சாற்றை அதில் சுழற்றித் தெளிய வைத்தார்கள். கிடைத்தது எல்லாம் ‘பி’. ‘ஏ’ ஒரு துளிகூட இல்லை. மறுபடி பழைய முறைக்கே போய் வடிதாளில் வடித்தார்கள். ‘ஏ’ வந்தது. வடிதாளை அமிலத்தில் கழுவி எடுத்துவிட்டு வடித்தால் மறுபடி ‘ஏ’ இல்லை.

ஒரு தாளில் என்ன இருந்துவிடப் போகிறது? கால்சியம் இருந்தது. தாளோடு ஒட்டி வந்த கொஞ்சம் கால்சியம், சாற்றில் தூங்கிக்கிடந்த ஒரு நொதியைத் தட்டி எழுப்பியது. எழுந்த நொதி, பாஸ்பேட்டுகளைச் சுமந்திருக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் பாஸ்பாரிலேஸ் ‘பி’யின் மேல் ஒட்டி அதை ‘ஏ’ ஆக்கியது. உயிருள்ள தசையிலோ, நரம்பின் கட்டளை வந்ததும் கால்சியம் பாய்கிறது. அதுவே தசையைச் சுருக்குகிறது, அதுவே கிளைகோஜனையும் அவிழ்க்கச் சொல்கிறது. இதே வேலையைத்தான் வடிதாள் தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது. 1955-இல் ஃபிஷரும் கிரெப்ஸும் இதை வெளியிட்டார்கள். அப்போதுதான் கைனேஸ் கதைக்குள் நுழைந்தது.

ஒட்டியது பாஸ்பேட் என்றால் கழற்றப்பட்டதும் பாஸ்பேட்டாகத்தானே இருக்க வேண்டும்! அதே 1955-இல் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாந்தும் வால்டர் வோசிலைட்டும் நாயின் ஈரலிலிருந்து எடுத்த பாஸ்பாரிலேஸ் செயலிழக்கும்போது அதிலிருந்து பாஸ்பேட் வெளியே வருவதை அளந்து காட்டினார்கள். செயின்ட் லூயிஸின் ‘பி.ஆர்.’ நொதி அடினிலிக் அமிலத்தைக் கழற்றவில்லை. புரதத்தைப் பிளப்பதும் அதன் நேரடி வேலை இல்லை. பாஸ்பேட்டைக் கழற்றியது, பாஸ்பேட் போனதும் தசைப் பாஸ்பாரிலேஸ் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. பிறகு அதற்குப் பாஸ்பாரிலேஸ் பாஸ்படேஸ் என்ற பெயர் நிலைத்தது.

ஒரு பாஸ்பேட் ஒட்டினால் புரதம் ஏன் மாறுகிறது என்று கேட்கலாம். பாஸ்பேட் எதிர்மின்சுமை கொண்டது. ஏறக்குறைய இரண்டு எலக்ட்ரான்களின் சுமையை ஒரே புள்ளியில் கொண்டுவந்து வைக்கிறது. புரதம் என்பது நேர்மின்சுமை, எதிர்மின்சுமை, நீரை நாடுவது, நீரை விலக்குவது என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து மடிந்து உட்கார்ந்திருக்கும் நீண்ட இழை. அதன் நடுவில் ஒரு புதிய சுமையை வைத்தால் பக்கத்தில் உள்ளவை விலகும், தூரத்தில் உள்ளவை நெருங்கும். பாஸ்பாரிலேஸின் ஒவ்வொரு இழையிலும் எண்ணூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் 14-ஆவதாக இருக்கும் செரின் என்ற ஒன்றின் மேல்தான் பாஸ்பேட் ஏறுகிறது. அந்த ஒன்று போதும், முழுப் புரதமும் நிமிர்ந்துகொள்ள.

சரி, ஒட்டிய பாஸ்பேட் தானாக உதிர்ந்துவிடாதா? எதற்குத் தனியாக ஒரு நொதி? இந்தக் கேள்விக்கு 2003-இல் வந்த விடையைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் உல்ஃபெண்டன், நொதியின் உதவி இல்லாமல் இப்படிப்பட்ட பாஸ்பேட் பிணைப்பு நீரில் அறுபட எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டார். உயர்ந்த வெப்பநிலைகளில் அளந்து, அதிலிருந்து சாதாரண வெப்பநிலைக்குக் கணக்கை இறக்கினார். பாதிப் பிணைப்புகள் அறுபட ஆகும் காலம் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். அதைப்போல எழுபது மடங்குக்கும் மேல்! பாஸ்படேஸ் இந்த வேலையை ஒரு நொடிக்குள் பலமுறை செய்கிறது.

அதாவது கைனேஸ் ஒட்டிய பாஸ்பேட் தானாக ஒருபோதும் போகாது. அட்ரீனலின் சுரந்து, இதயம் படபடத்து, தசை சர்க்கரையை அவிழ்த்து, ஓடித் தப்பித்த பிறகும் அந்தக் கட்டளை அப்படியே நின்றுவிடும். ‘போதும், நிறுத்து’ என்று சொல்வதற்குச் செல்லில் பாஸ்படேஸைத் தவிர வேறு வழியில்லை. ஒட்டிய புரதத்தையே அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம். ஆனால் அது கதவைத் திறக்க முடியாமல் சுவரை இடித்துக் கட்டுவது போன்றது.

இவ்வளவு முக்கியமான நொதியை ஏன் கால் நூற்றாண்டு காலம் கவனிக்காமல் விட்டார்கள்? ஒரு காரணம் வெறும் ஆய்வுக்கூட வசதி. கைனேஸை அளப்பது எளிது. கதிரியக்கப் பாஸ்பரஸ் சேர்த்த ஏ.டி.பி.யைக் கலந்து வைத்துப் புரதத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். பாஸ்படேஸை அளக்க வேண்டுமென்றால் முதலில் கைனேஸைக் கொண்டு பாஸ்பேட் ஏற்றிய புரதத்தைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் கழற்றுவதைப் பார்க்க முடியும். இன்னொரு காரணம் நினைப்பு சார்ந்தது. ஒட்டுவதுதான் கட்டளை, கழற்றுவது வெறும் துப்புரவு என்று நினைத்துவிட்டார்கள். எப்போதும் ஒரே வேகத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும் வேலைக்காரரை யார் ஆராய்வார்கள் என்ற அலட்சியம். கூட்டுகிறவரைப் பற்றிய அலட்சியம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அறிவியலிலும் இருந்தது.

போதாக்குறைக்குப் பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டது. எந்தப் புரதத்தை ஆராய்ந்தார்களோ அந்தப் புரதத்தின் பெயரால் ஒரு பாஸ்படேஸ் என்று அறிவித்தார்கள். 1970-களில் அப்படிப் பெயர்கள் பெருகின. ஒரே நொதிக்கு நான்கு பெயர், ஒரே பெயரில் இரண்டு நொதி. 1974-இல் மயாமியில் எர்னஸ்ட் லீயின் குழு ஈரல் சாற்றில் ஆல்கஹாலை ஊற்றியது. மற்ற புரதங்கள் சிதைந்து படிந்தன. சிறிய, நன்றாக வேலை செய்யும் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. பாஸ்பேட்டை வெட்டும் பகுதி அதுதான். ஆல்கஹாலில் உதிர்ந்துபோனவை அதன் கூட்டாளிகள். எங்கே போக வேண்டும், எதைக் கழற்ற வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவை அந்தக் கூட்டாளிகளே என்பது பின்னால் புரிந்தது.

இந்தக் காட்டை வெட்டித் திருத்தியவர் பிலிப் கோஹன். சியாட்டிலில் ஃபிஷரிடம் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, 1971-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அவரும் தாமஸ் இங்கெபிரிட்சனும் 1983-இல் வெளியிட்ட வகைப்பாடுதான் இன்றுவரை புழங்குகிறது. செரின், த்ரியோனின் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் பெரும்பாலான வேலையை நான்கே நொதிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்றார்கள். பிபி1, பிபி2ஏ, பிபி2பி, பிபி2சி. 2பி-க்குக் கால்சியம் வேண்டும், 2சி-க்கு மக்னீசியம் வேண்டும், 2ஏ இரண்டையும் கேட்காது. பிபி1-ஐ மட்டும் தடுக்கும் சிறு புரதங்கள் உண்டு. அவற்றை வைத்து அதைப் பிரித்தறியலாம். எவ்வளவு எளிமை!

அந்தத் தடுப்புப் புரதங்களில் ஒன்று இன்ஹிபிட்டர்-1. ஹுவாங், கிளின்ஸ்மன் என்ற இருவர் 1976-இல் அறிவித்தது. அது சும்மா இருக்கும்போது பிபி1-ஐத் தொடுவதில்லை. அட்ரீனலின் வந்து கைனேஸைத் தூண்டினால், அந்தக் கைனேஸ் இன்ஹிபிட்டர்-1-இன் மேலும் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே அது போய் பிபி1-இன் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே கட்டளை ஒரு பக்கம் ஒட்டச் சொல்கிறது. மறுபக்கம் கழற்றுகிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறது. கழற்றும் வேலை எப்போதும் ஒரே சீராக நடக்கும் துப்புரவு என்ற நினைப்பு அத்தோடு உடைந்தது. கழற்றுவதும் கட்டளைக்கு உட்பட்டது.

இன்று தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். மனித ஜீனோமில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002-இல் பட்டியலிட்டார்கள். செரின், த்ரியோனின் பாஸ்படேஸ்களில் வெட்டும் பகுதிகள் 40 அளவுக்குத்தான் உண்டு. இத்தனை கைனேஸ்களுக்கு இவ்வளவு குறைவான பாஸ்படேஸ்கள் ஈடுகொடுப்பது கூட்டாளிகளால்தான். பிபி1-க்கு மட்டும் சுமார் 200 கூட்டாளிப் புரதங்கள். ஒரு கூட்டாளி அதைக் கிளைகோஜன் துகளுக்கு இழுத்துச் செல்லும். இன்னொன்று இரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்கு அழைத்துச் சென்று மயோசின் என்ற தசைப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்ற வைக்கும். குழாய் தளரும், இரத்தம் எளிதாக ஓடும். வெட்டும் கை ஒன்றே. அதைக் கூட்டிப்போகிற இடம்தான் வேறு வேறு.

செய்தி எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கைனேஸ் தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எவ்வளவு விரைவாக அடங்க வேண்டும் என்பதைப் பாஸ்படேஸ் தீர்மானிக்கிறது. 2002-இல் ரைன்ஹார்ட் ஹைன்ரிக், பெஞ்சமின் நீல், டாம் ராப்போபோர்ட் ஆகியோர் கணித முறையில் வந்தடைந்த முடிவு இது. ஒரே செய்தி ஐந்து நிமிடம் நீடித்தால் செல் ஒன்று செய்யும். ஐந்து மணி நேரம் நீடித்தால் வேறொன்று செய்யும். ஆகவே நேரத்தை ஆளுகிறவர் கையில் இருப்பது சிறிய அதிகாரம் அல்ல.

பாஸ்படேஸ் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை மனிதர்கள் நஞ்சின் மூலமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். ஜப்பானியக் கடலில் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்ற கருநிறக் கடற்பஞ்சு உண்டு. அதிலிருந்து பிரித்த ஒகடாயிக் அமிலத்தின் அமைப்பு 1981-இல் தெரியவந்தது. உண்மையில் அதை உண்டாக்குவது பஞ்சு அல்ல, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிகள். அவற்றை வடிகட்டித் தின்னும் மட்டிகளில் அது சேர்கிறது. அந்த மட்டியை மனிதர் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வயிற்றுப்போக்கு. அந்த அமிலம் பிபி2ஏ, பிபி1 இரண்டையும் அடைக்கிறது என்று 1988-இல் பியாலோயனும் தகாயும் காட்டினார்கள். குடல் செல்களில் ஒட்டிய பாஸ்பேட்டுகள் இறங்காமல் நிற்க, நீரைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கு குலைகிறது.

ஆய்வாளர்களுக்கு அது பெரிய கருவியாகக் கிடைத்தது. செல்லில் ஒகடாயிக் அமிலத்தைச் சேர்த்ததும் எத்தனையோ புரதங்களில் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போனது. கைனேஸைத் தூண்ட யாரும் இல்லை. கழற்றுவதை நிறுத்தியதுதான் ஒரே மாற்றம். ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் செல்லிலும் இரண்டு கைகளும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை.

குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் படரும் நீலப்பச்சைப் பாசி தரும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சும் அதே நொதிகளைத்தான் அடைக்கிறது என்று 1990-இல் டண்டீயிலும் வேறு சில ஆய்வுக்கூடங்களிலும் கண்டறிந்தார்கள். ஈரல்தான் அதன் இலக்கு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1996-இன் தொடக்கத்தில், பிரேசிலின் கருவாரு நகரில் அது என்ன செய்யும் என்று உலகம் பார்த்தது. அங்குள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நீர்த்தேக்கத்திலிருந்து சரியாகச் சுத்திகரிக்காத நீர் வந்தது. ஒருமுறை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கும் மேல் நீர் வேண்டும். அந்த நீர் மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. நூறு பேருக்கு ஈரல் செயலிழந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் சில நாட்கள் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த எளிய மனிதர்கள். ஏரி பச்சையாகிவிட்டது என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

அடைப்பதால் உயிர் போன கதை அது. அடைப்பதால் உயிர் பிழைத்த கதையும் உண்டு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த சாண்டோஸ் நிறுவனம், வெளியூர் போகும் ஊழியர்களை மண் எடுத்துவரச் சொல்வது வழக்கம். மண்ணில் வாழும் பூஞ்சைகளில் மருந்து தேடுவதற்காக. அப்படி நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. அது உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கிறது என்பது 1972-இல் அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. அதைத் தொடர்ந்து எடுத்துச் சென்றவர் ழான் போரெல். 1978-இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதைச் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார். மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் காக்கும் முறையே அதன்பின் மாறியது. 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த வேறொரு நுண்ணுயிரிடமிருந்து எஃப்கே506 வந்தது. இன்று டாக்ரோலிமஸ் என்ற பெயரில் மருந்துக்கடையில் கிடைப்பது அதுதான்.

இரண்டு மருந்துகளும் உருவத்தில் துளியும் ஒத்தவை அல்ல. செல்லுக்குள் அவை போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்களும் வேறு வேறு. ஆனாலும் விளைவு ஒன்றே. 1991-இல் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் ஹார்வர்டு குழு விடையைச் சொன்னது. மருந்தும் அதைப் பிடித்த புரதமும் ஜோடியாகச் சேர்ந்து கடைசியில் போய் அடைப்பது ஒரே நொதியை: கால்சிநியூரின். அது வேறு எதுவுமில்லை, கோஹன் பட்டியலில் இருந்த பிபி2பி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கிளாட் கிளீ 1979-இல் மூளையிலிருந்து பிரித்துப் பெயரிட்ட புரதம். அது ஒரு பாஸ்படேஸ் என்று 1982-இல் டண்டீக்காரர்கள் காட்டியிருந்தார்கள். மூளையில் கிடைத்த நொதிக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்று அதுவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் இரத்தத்தில் ‘டி’ செல் என்ற வெள்ளணு இருக்கிறது. அதற்குள் என்எஃப்ஏடி என்ற புரதம். சாதாரண நாட்களில் அதன் மேல் பல பாஸ்பேட்டுகள் ஏறியிருக்கும்; அந்தப் பாரத்தோடு அது செல்லின் உட்கருவுக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே நிற்கும். அந்நியப் பொருள் ஒன்றை ‘டி’ செல் தொட்டு உணர்ந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் கால்சிநியூரினை எழுப்புகிறது. கால்சிநியூரின் என்எஃப்ஏடியின் பாஸ்பேட்டுகளைக் கழற்றுகிறது. பாரம் இறங்கியதும் அது உட்கருவுக்குள் போய், இன்டர்லூக்கின்-2 என்ற போர்முரசை அடிக்கும் மரபணுவைத் திறக்கிறது. ‘டி’ செல்கள் பெருகிப் படையாகின்றன. மாற்றி வைத்த சிறுநீரகத்தையும் அந்தப் படை அந்நியம் என்றே பார்க்கும். மருந்து கால்சிநியூரினை அடைத்துவிட்டால் பாஸ்பேட் இறங்காது, முரசு ஒலிக்காது, சிறுநீரகம் பிழைக்கும்.

கவனியுங்கள், இங்கே கழற்றுவதுதான் தொடக்கம். பாஸ்படேஸ் என்றால் அணைப்பது, நிறுத்துவது என்று இதுவரை நானே எழுதி வந்தேன். கால்சிநியூரினிடம் அந்தக் கணக்கு செல்லாது. சில கதவுகள் பாஸ்பேட் ஏறினால் திறக்கும்; சில கதவுகள் இறங்கினால்தான் திறக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் உள்ள வீட்டில் கடிகாரத்துக்குத் தனி மரியாதை. காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறாமல் டாக்ரோலிமஸ் மாத்திரை. குறைந்தால் உடல் உறுப்பைத் தள்ளும். கூடினால் கை நடுங்கும், காப்பாற்ற வந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்சிநியூரின் ‘டி’ செல்லில் மட்டுமா இருக்கிறது, மூளையிலும் சிறுநீரகத்திலும்கூடத்தானே இருக்கிறது! அதனால்தான் இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிக்கிறார்கள்.

இதுவரை சொன்னது செரினும் த்ரியோனினும். 1979-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலும் பாஸ்பேட் ஏறுவதைக் கண்டார். புற்றுநோய் ஆய்வே அதன்பின் வேறு பாதையில் ஓடியது. கைனேஸ் வேட்டையில் எல்லாரும் இறங்க, டைரோசினிலிருந்து கழற்றுவது யார் என்று தேடிப் போனவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் நிக்கலஸ் டாங்ஸ். டண்டீயில் கோஹனிடம் ஆய்வுப் பட்டம் பெற்று, சியாட்டிலில் ஃபிஷரிடம் சேர்ந்தவர். மனித நச்சுக்கொடியை அரைத்து, அதில் மிகச் சிறிய அளவில் இருந்த பிடிபி1பி என்ற நொதியை 1988-இல் தூய்மையாகப் பிரித்தார். அதன் அமினோ அமில வரிசையைப் படித்தபோது, தெரிந்த செரின் பாஸ்படேஸ்கள் எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. வெள்ளணுக்களின் மேல் உட்கார்ந்திருந்த, வேலை இன்னதென்று தெரியாத சிடி45 என்ற புரதத்தோடு ஒத்துப்போனது. கழற்றும் கை இரண்டு தனித்தனிக் குடும்பங்களில் பிறந்திருக்கிறது!

வேலை செய்யும் விதமும் வேறு. பிபி1, கால்சிநியூரின் போன்றவை இரண்டு உலோக அயனிகளை வைத்து ஒரு நீர் மூலக்கூறைக் கூர்தீட்டிப் பாஸ்பேட்டின் மேல் ஏவுகின்றன. பிடிபி1பி தன்னிடமுள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தால் பாஸ்பேட்டைத் தன் மேலேயே வாங்கிக்கொண்டு, பிறகு நீரில் விடுகிறது. அந்தக் கந்தகம்தான் அதன் பலவீனமும். இன்சுலின் செல்லைத் தொடும்போது உள்ளே துளி அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது அந்தக் கந்தகத்தைச் சற்று நேரம் ஆக்சிஜனேற்றி நொதியை மௌனமாக்குகிறது. இன்சுலின் தன் செய்தி கொஞ்ச நேரம் நிலைக்கட்டும் என்று கழற்றும் கையைத் தானே பிடித்து வைக்கிறது. பிடிபி1பி இல்லாமல் பிறக்கவைத்த எலிகளை 1999-இல் மான்ட்ரியலில் வளர்த்துப் பார்த்தார்கள். இன்சுலினுக்கு அவை கூடுதலாகச் செவிசாய்த்தன. கொழுப்புமிக்க தீனி கொடுத்தும் அவ்வளவாகப் பெருக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து தேடுபவர்கள் அன்றிலிருந்து அந்த நொதியைச் சுற்றி வருகிறார்கள். ஆனால் அதன் வாய் பாஸ்பேட்டை வாங்குவதற்கென்றே அமைந்தது. அதில் பொருந்தும் மருந்தும் மின்சுமை மிகுந்ததாக இருக்க வேண்டும். மின்சுமை மிகுந்த மருந்து செல்லின் சவ்வைத் தாண்டாது. அந்தச் சிக்கலில்தான் பல முயற்சிகள் நின்றன.

1992-இல் ஃபிஷருக்கும் கிரெப்ஸுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. புரதங்களில் பாஸ்பேட் ஏற்றம் ‘மீளக்கூடியது’ என்பதும், அதைக் கொண்டே உயிர் தன்னை நெறிப்படுத்துகிறது என்பதும் பரிசுக் குறிப்பில் இருந்தன. மீளக்கூடியது என்ற அந்தச் சொல்லில்தான் பாஸ்படேஸ் இருக்கிறது. ஃபிஷர் 101 வயது வரை வாழ்ந்து 2021-இல் மறைந்தார். கெர்ட்டி கோரி 1957 அக்டோபரில் காலமானார். தான் பெயரிட்ட ‘பி.ஆர்.’ நொதி கழற்றியது பாஸ்பேட்டைத்தான் என்பது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அச்சில் வந்துவிட்டது.

அடுத்த பகுதியில் பிடென். பாஸ்படேஸ்தான், ஆனால் அது பாஸ்பேட்டைக் கழற்றுவது புரதத்திலிருந்து அல்ல, செல் சவ்வின் கொழுப்பிலிருந்து. அது தொலைந்த செல்களில் புற்றுநோய் எப்படித் தலைதூக்குகிறது என்று பார்ப்போம்.

(தொடரும்)